மோட்டார் போடும் விரல்

பங்குனி 3, திங்கள்
காலையிலேயே சுள்ளென்று வெயில். கல்வராயன் மலைமேல் மட்டும் மேகம். கள்ளக்குறிச்சி ஆசுபத்திரி. இவர் பைக்கிலிருந்து விழுந்து பன்னிரண்டாம் நாள். மூச்சு மிஷினில். வாங்க வேண்டியது: டயப்பர், பஞ்சு, எனக்குச் செருப்பு.
10.40க்கு வலது கட்டைவிரல் ஒருமுறை அழுத்தியது. டாக்டர்: "மூளைக்கு நினைவே இல்லம்மா. அது சும்மா நரம்புத் துடிப்பு."
கொழுந்தன் செல்வத்துக்குப் போன். "10.40க்குத்தான் அண்ணி த்ரீபேஸ் கரண்ட் வந்துச்சி. கரும்புக்கு மோட்டார் போட்டேன்."
சும்மா எழுதி வைக்கிறேன்.

செவ்வாய்
கரண்ட் நேரம் மாறிவிட்டதாம். 2.15. விரலும் 2.15! மணலூர்பேட்டைக் கரும்புக் கொல்லை எங்கே, இந்தக் கட்டில் எங்கே. இருபது வருஷம் மோட்டாரின் பச்சைப் பட்டனை அழுத்திய விரல். நினைவு தலைக்குள் மட்டும்தான் இருக்குமா? யாரைக் கேட்பது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

புதன்
2.15. அசைவில்லை. 3 மணி, 4 மணி. இல்லை.
டாக்டர்: "அதுவும் நின்னுடுச்சு. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுங்க. மிஷினை எடுத்துடலாம்." கழிவறையில் போய் அழுதேன்.
சாயங்காலம் போனில் செல்வம், பெருமையாக: "மோட்டாருக்கு ஆட்டோ மாட்டிட்டேன் அண்ணி. கரண்ட் வந்தா அதுவே ஓடும். யாரும் அழுத்த வேணாம்."
அடப்பாவி!
"கழட்டிடுப்பா."
"இன்னாத்துக்கு?"
பைத்தியம் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

வெள்ளி
நேற்று எழுத முடியவில்லை. ஒரே ஜனம், பார்க்க வந்தவர்கள். கையெழுத்துக் காகிதம் தலைமாட்டில்.
2.15. விரல் அழுத்தியது. உடனே போன்.
செல்வத்துக்கு மூச்சு வாங்குகிறது. "அண்ணி, இப்பத்தான் வந்துக்கினு இருக்கறேன். மோட்டார் ரூம் பூட்டித்தான் இருக்குது. சாவி என் கையில. உள்ள மோட்டார் ஓடுது."
"ஆட்டோ?"
"நேத்தே கழட்டி வூட்டுல வெச்சிட்டேன்."
சந்தோஷம் வரவில்லை. பயம்தான். போனை வைக்காமல் இவர் காதருகே குனிந்தேன்.
"ஏங்க, போதும். நிறுத்துங்க."
கட்டைவிரல் மெல்ல ஒரு அங்குலம் கீழே இறங்கியது. சிவப்புப் பட்டன் அங்கேதான் இருக்கும். அழுத்தியது.
 போனில் செல்வம், ரொம்ப மெதுவாக: "அண்ணி... நின்னுடுச்சி."
காகிதத்தை நாலாகக் கிழித்தேன்.