வேப்பெண்ணெய்ச் சுவர்

அக்கா,

இன்று காலை ஆசாரி வந்து, கரையான் அரிக்காமலிருக்க நம் வீட்டு உத்தரத்துக்கு வேப்பெண்ணெய் பூசினார். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே நான் பூதப்பாண்டியில், உன் மாமியார் வீட்டு அடுக்களையில் போய் நின்றுவிட்டேன். இந்த வயதில் நான் வேறெங்கும் இவ்வளவு வேகமாகப் போவதில்லை.

உன் மகளுக்கு அப்போது ஆறு வயது. முகம் வாழைக்குருத்தாய் வெளுத்துப்போய், முற்றம் தாண்டினாலே மூச்சு வாங்கியது. பிள்ளை வெளுத்தால் ஊரில் ஒரே தீர்ப்புதான்: மண் தின்கிறது, வயிற்றில் பூச்சி. பூச்சி மருந்து கொடுத்து, பேதியாகி, பிள்ளை இன்னும் துவண்டதுதான் மிச்சம். வைத்தியத்தில் நான் மட்டும் சளைத்தவனா? முருங்கைக்கீரைச் சாறு, ஆட்டு ஈரல் என்று வாரத்துக்கு ஒன்று சொல்வேன். ருசி பார்க்கிற சாக்கில் ஈரலில் பாதி என் வயிற்றுக்குள் போகும்.

உன் மாமியார் மட்டும் உன்னைக் குறை சொல்வதை விடவேயில்லை. "பெத்தவ கண்ணு பிள்ளை மேல இருந்தா, அது ஏன் சுவத்தை நக்குது?" கடைசியில், பிள்ளைக்கு எட்டுகிற உயரம் வரை மண்சுவர் முழுக்க வேப்பெண்ணெய் பூசிவிட்டாள். அது தெரியாமல், ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போக உடுத்திய புது வேட்டியோடு நான் அதில் சாய்ந்தேன். பந்தியில் என் இரண்டு பக்கமும் ஒருவனும் உட்காரவில்லை. அதைச் சொன்னதும் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தாள். பல்லோரமெல்லாம் ரத்தம். நீ முந்தானையால் துடைத்தாய்.

அதன் பிறகுதான் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், சில நாள் கழித்து வில்வண்டியில் வீட்டுக்கே வந்தார்.

"என்ன வாடை இது?"

மாமியார் உன் குற்றங்களையெல்லாம் நீட்டி முழக்கினாள். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"பூச்சியுமில்ல, மண்ணுமில்ல. ரத்தம் ஊறுறது எலும்புக்குள்ள. அங்க வேண்டாத வெள்ளை அணு பெருகி இடத்தை அடைச்சிட்டுது. ரத்தத்துல வந்த புத்துநோய் இது. சிவப்பு அணு எங்க முளைக்கும்? இருக்கிறதும் ஈறு வழியா கசியுது."

நீ வயல்காரியாகவே கேட்டாய். "நாத்தங்கால்ல நாத்தைக் கோரைப்புல்லு மூடின மாதிரியா?"

"அதேதான்."

"எரு போடாததால வந்ததா?"

"இல்லம்மா. பாலும் நெய்யுமா ஊட்டியிருந்தாலும் வந்திருக்கும். இதைத் தீர்க்க எங்ககிட்டயும் மருந்து இல்ல."

"அப்போ, காரணம் நான் இல்லையே?"

"நீ இல்லம்மா."

நீ கதறுவாய் என்று பயந்தேன். பிள்ளையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். மாமியார் எழுந்தாள். கொல்லைக்குப் போய்ச் சாணி கரைத்துக்கொண்டு வந்தாள். வேப்பெண்ணெய் பூசிய இடத்தையெல்லாம் மெழுக ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

கன்னிப்பூ நெல் அறுப்புக்கு முன்னே பிள்ளை போய்விட்டாள்.

அதற்கப்புறம் வற்றல் காயப்போடும்போது, தேர் பார்க்கப் போகிற வழியில், சம்பந்தமே இல்லாமல் என் பக்கம் திரும்புவாய். "ஏலே, நான் இல்லையே?"

"நீ இல்லக்கா."

போன மாசியில், கடைசிப் படுக்கையில் பேச்சு நின்ற பிறகும் கண்ணால் கேட்டாய். அதற்கும் சொன்னேன்.

இன்றைக்கு அந்த வாடையில் வாய் தானாகச் சொல்லிவிட்டது, சத்தமாகவே. ஆசாரி ஏணியிலிருந்து குனிந்தார். "ஆரு இல்ல ஓய்?"

"ஒண்ணுமில்ல, நீரு பூசும்."

கேட்பதற்கு நீ இல்லை, அக்கா. பதில் மட்டும் இன்னும் நாக்கு நுனியிலேயே இருக்கிறது.