எட்டு இறாத்தல் குண்டு

யூன் 4, திங்கள்

கச்சான் காற்று. மைதானம் முழுக்கப் புழுதி. கண் எரிச்சல்.

இன்று குண்டு 28 அடி போனது. விளையாட்டு ரீச்சர் நாடாவை இரண்டு தரம் பிடித்து அளந்தார். வட்டாரப் போட்டியில் பெண்கள் பிரிவுக்கு என் பெயர் போகிறது. 23ஆம் திகதி, சனி.

வகுப்பில் ஆறு வருடமாக என் பெயர் குண்டு. குண்டே குண்டு எறிகிறது என்று இப்போது அதற்கும் சிரிப்பு. ஆனால் அந்த எட்டு இறாத்தல் எடை இரும்பைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து வட்டத்துக்குள் நிற்கும்போது மட்டும் இந்த உடம்பு எனக்கு வேண்டியதாக இருக்கிறது. தோள், தொடை எல்லாம். யாருக்கும் சொன்னதில்லை.

நாளைக்கு: காற்சட்டைக்கு இழுபட்டி. புவியியல் படம். அம்மாவுக்கு மல்லி.

யூன் 6, புதன்

அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஈச்சிலம்பற்றுப் பக்கம், வாத்தியார். தாயும் மாமனும் கூட. மூதூர் லோஞ்சுப் படகில் வந்து இறங்கி, எங்கள் மைதானத்து வேலியோரமாக நடந்து வந்திருக்கிறார்கள். நான் எறிந்துகொண்டு நின்ற நேரம். காற்சட்டையோடு.

வீட்டுக்கு வந்தால் கதிரைகளில் அவர்கள். வேர்வையும் புழுதியுமாக நான். மாப்பிள்ளையின் தாய் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அக்கா தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். வடிவாக இருந்தாள். அவளுக்கு 24.

யூன் 13, புதன்

வேண்டாமாம். தரகர் குசினி வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"தங்கச்சி தொடை தெரிய ஆம்பிளையள் மாதிரி இரும்பு எறியிறாவாம். அப்பிடி வீட்டில சம்பந்தம் ஏலாதெண்டு தாய்க்காரி சொல்லிப்போட்டா."

அப்பா கத்தவில்லை. கொடியிலிருந்த என் காற்சட்டையை எடுத்து அடுப்புக்குள் வைத்தார். எரிந்து முடியும்வரை நின்றார். இனிப் பள்ளிக்கூடம் விட்டால் நேரே வீடு. அக்கா அழுதாள். என்னோடு கதைக்கவில்லை.

யூன் 15, வெள்ளி

ரீச்சர் வந்தார். அப்பா படலையைத் திறக்கவில்லை. மரியாதையாகத்தான் கதைத்தார்.

"எனக்கு ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள், ரீச்சர். போட்டி முடிய நீங்கள் உங்கட வீட்டுக்குப் போயிருவியள்."

ரீச்சர் திரும்பிப் போனார். யன்னலால் பார்த்தேன்.

பின்னேரம் நான்கு மணி, மைதானத்தில் எறிகிற நேரம், அதுதான் பொல்லாதது. கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. இரவு பாதி இடியப்பம். மெலிந்தால் எல்லாருக்கும் நல்லது.

யூன் 19, செவ்வாய்

பள்ளிக்கூடம் போகவில்லை, இது இரண்டாம் நாள். எழும்பத் தலை சுற்றுகிறது. அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்குத்தர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். இரத்தம் குறைவு. ரொனிக், ஒரு நாளைக்கு மூன்று தரம். நித்திரை வருகிறதா என்று என்னிடம் கேட்டார். ஓம் என்று அம்மா சொன்னார். வருவதில்லை.

அலுமாரிக் கண்ணாடியைச் சீலை போட்டு மூடினேன். நான் இல்லாவிட்டால் அக்காவின் காரியம் சரிவந்திருக்கும். திரும்பத் திரும்ப அதே நினைப்பு. எழுதினால் போகும் என்று எழுதினேன். போகவில்லை.

யூன் 23, சனி

போட்டி நாள். படுக்கை. வெயில் சுவரில் ஏறி இறங்கியது.

யூன் 25, திங்கள்

பக்கத்து வீட்டு ராணி, என் வகுப்புக்காரி, பார்க்க வந்தாள். வட்டாரத்தில் முதலிடம் 25½ அடியாம். நான் போயிருந்தால் எனக்குத்தானாம். ஆறுதலாகத்தான் சொன்னாள். போன பிறகு வாந்தி. வயிற்றில் ஒன்றுமில்லை, தண்ணீர்தான்.

யூன் 26, செவ்வாய்

அக்கா கஞ்சி கொண்டுவந்து கட்டில் விளிம்பில் இருந்தாள். பதின்மூன்று நாள் கழித்து. கோப்பையை நிலத்தில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்கு அந்தாளைப் பிடிக்கேல்ல. வேண்டாமெண்டு நான்தான் அவருக்குக் காயிதம் போட்டனான். மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது சாட்டுச் சொல்லவேணுமே, உன்னைச் சாட்டிட்டினம். எனக்கு அது வசதியாப் போச்சு. வாயைத் திறக்கேல்ல."

ஏன் இப்போது சொல்கிறாய் என்று கேட்டேன்.

"நீ செத்துப்போயிருவியோ எண்டு பயமாக் கிடக்கு."

அப்பாவிடம் சொல்வாயா என்றேன். கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். கதவைச் சாத்திவிட்டுப் போ என்றேன். போகவில்லை. கஞ்சியில் ஆடை பிடித்துவிட்டது. நான் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கியும் அப்படியே இருக்கிறாள். எழுத்தை எட்டிப் பார்க்கிறாள். பார்க்கட்டும்.