நாடி

1943 ஐப்பசி, வெள்ளி.

முதலில் மனிதனைப் படிக்கிறேன், உடம்பைப் பிறகு படிக்கலாம் என்று டாக்டர் படிப்புக்கு முன் வரலாறு எடுத்தேன். ஜப்பான்காரன் வந்தான், காலேஜை மூடிவிட்டான். அம்மா எங்கள் காஜா பேராங் வட்டாரம் முழுக்க என்னை டாக்டர் என்றே சொல்லி வைத்திருக்கிறாள்.

இன்று பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா காய்ச்சலில் கொதிக்கும் மகளைத் தூக்கி வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கக்கா."

"அங்கேருந்துதான் வர்றேன். மலேரியாவுக்குக் குடுக்கற கொய்னா மாத்திரை இல்லன்னுட்டாங்க. நீங்க பாருங்க தம்பி."

கையைப் பிடித்தேன். நாடி எங்கே என்றே தெரியவில்லை.

"சரியாப் போயிருமா?"

"போயிரும்" என்றேன்.

டாக்டர் வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று மரவள்ளிக்கிழங்கு வைத்துவிட்டுப் போனாள். அம்மா அவித்தாள். நானும் தின்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டே இருந்தது குழந்தை. இப்போது சத்தமில்லை. தூங்கியிருக்கும். தூங்கித்தான் இருக்க வேண்டும்.