ரப்பர் பட்ட இரண்டு தாள்கள்

அன்பு மகள் ரம்யாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், கறுப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டு அதுவும் சௌக்கியம். ஜெர்மனிக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும்.

ஜனங்கள் வரைபடத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்ற உன் ஆராய்ச்சிக்காக நீ அனுப்பிய இருபது தாளையும் ஊரில் கொடுத்து வாங்கிவிட்டேன். வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியைக் கோடு போடச் சொல்லியிருந்தாய். ஒருத்தர் விடாமல் தாளை மலை இருக்கும் பக்கம் திருப்பி வைத்துத்தான் பார்த்தார்கள். பிறகு ஓடையைக் கடந்து நேர்வழி இருக்க, எல்லாரும் சுற்றிக்கொண்டு கோடு போட்டார்கள். ஊரே ஃபெயில், உன் டாக்டர் பட்டம் போச்சு என்று பயந்து, ரப்பர் எடுத்து ஆயம்மாள் தாளையும் சடையன் தாளையும் அழித்து நேர்க்கோடு போட்டுவிட்டேன். மூன்றாவதை எடுக்கும்போது உன் அம்மா பார்த்துவிட்டாள். "நம்ம ஜனம் இன்னா பண்றாங்கன்னுதான பொண்ணு கேட்டா? நீ இன்னாத்துக்குத் திருத்திக்கினு இருக்க?" என்று பிடுங்கிக்கொண்டாள். எட்டாவது படித்த எனக்கு எட்டாதது பள்ளிக்கூடமே பார்க்காத அவளுக்குப் புரிந்திருக்கிறது. உன் மூளை யாருடையது என்று இனி நான் வாதாட மாட்டேன்.

ஆயம்மாளிடம் போய் உண்மையைச் சொன்னேன். "காய்ச்சப் புள்ளைய இடுப்புல வச்சிக்கினு ஓடையில எறங்க முடியுமாண்ணா? பேப்பர்ல இருக்கிற ஓடை யாரையும் இஸ்துக்கினு போவாது" என்று சிரித்தாள். மறுபடி போட்டுக்கொடு என்றதற்கு, அமுத்திப் போட்ட கோடுதான், அழித்தாலும் தடம் இருக்கும், உங்கள் மகள் கண்டுபிடித்துவிடுவாள் என்றாள். அந்த இரண்டு தாளின் பின்னாலும் கை வைத்தது ரம்யாவின் அப்பா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், உன் வாத்தியார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

சர்வேக்காரர், காட்டிலாகா என்று எத்தனையோ பேர் வரைபடத்தோடு மலையேறி வந்தார்கள், இதுதான் உன் எல்லை என்றார்கள், நாங்களும் தலையாட்டினோம். பென்சிலை எங்கள் கையில் கொடுத்து நீ எப்படிப் போவாய் என்று கேட்டது என் மகள்தான். ஒரு வாரமாக இதையே சொல்லித் திரிகிறேன், தமிழரசன் டீக்கடையில் என்னைக் கண்டாலே எழுந்து போகிறார்கள். எனக்கென்ன, பெருமையாக இருக்கிறது, சொல்கிறேன்.

நாளை கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறிக் கூரியர் போடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. நம் மலைச்சாமி கரியராமர் உன் கூடவே இருந்து காக்கட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, உன் ஆராய்ச்சியைப் புத்தகமாகப் போடும்போது என் பெயர் வேண்டாம், ஆயம்மாளின் கோட்டை அவள் போட்டபடியே போடு.

இப்படிக்கு,
உன் அப்பா
காத்தான்