அக்காளுக்கும் சேர்த்து ஒரு வீடு

மைல்ஸ் சிட்டி, மான்டானா
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கிரெட்டாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அங்கே அலாஸ்காவில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஏணியில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன மறுநாளே உன் அப்பா கூரையில் ஏறிப் பனி தள்ளினார், அவரை என்ன செய்வது. பிள்ளைகளுக்காகப் பேசும் தொண்டராக நான் கோர்ட்டுக்குக் கிளம்பினால் மட்டும், “வக்கீலம்மா, சம்பளமில்லாத உத்தியோகத்துக்கு இவ்ளோ அவசரமா?” என்று கேலி. நீ கேட்ட அந்தக் குழந்தைகள் வழக்கு முடிவுக்கு வந்துவிட்டது, போனில் அரைகுறையாகச் சொல்ல மனமில்லாமல் எழுதுகிறேன். பெயரை வெளியே சொல்லக் கூடாது, அதனால் பெரியவளை ராபின் என்றும் சின்னவளை ரென் என்றும் வைத்துக்கொள்.

ராபினுக்குப் பன்னிரண்டு வயது, ரென்னுக்கு நான்கு. தாய் போதையில் விழுந்தவள், இருவரையும் வீட்டில் பூட்டிவிட்டு எங்கேயோ போய்விடுவாள், டப்பா சூப்பைச் சுட வைத்துத் தங்கைக்கு ஊட்டி வளர்த்தது ராபின்தான். இனி என்னால் முடியாது என்று தாயே பிள்ளைகளைக் கோர்ட்டிடம் விட்டுவிட்டாள். தற்காலிகமாக வைத்திருந்த தம்பதி ரென்னை மட்டும் தத்தெடுக்கத் தயார். ராபின்தான் தங்கையின் தட்டை யார் தொட்டாலும் கையைக் கடித்துவிடுகிறாளே! குழந்தைகள் நல அலுவலகத்துப் பெண் என்னிடம், “அவ அம்மாவா இருந்தது போதுங்க, பிரிச்சாதான் அவளும் கொழந்தையா இருப்பா” என்றாள். கெட்ட எண்ணமில்லை, எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஒரு நாள் காரில் உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டே ராபின் என்னைப் பார்த்து, “நீங்க யாரோட ஆளு?” என்று கேட்டாள். உன் ஆள்தான் என்றேன். “அப்ப ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க, இனிமே கடிக்க மாட்டேன்னு. ரென் முழிச்சா என் பேரைத்தான் கூப்பிடுவா. நான் இல்லேன்னா யாரு பதில் சொல்லுவா?” என்றாள்.

அதன்பிறகு நான் சும்மா இருக்கவில்லை. அலுவலகம் சொந்தக்காரர்களுக்கெல்லாம் எழுதியிருந்தது, வீடு மாறிப் போன ஒருத்திக்கு மட்டும் தகவல் போய்ச் சேரவில்லை. தாயின் அத்தை மகள், பில்லிங்ஸ் நகரில் பேருந்து ஓட்டுகிறாள். புது முகவரியைத் தேடிப் பிடித்து, அலுவலகத்துப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு நேரிலேயே போனேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தச் சொந்தக்காரி, “ரெண்டு பேரையும் கொண்டாங்க, அதென்ன ஒண்ணை மட்டும்?” என்று என்னையே அதட்டினாள். வீடு சின்னது, மனுஷி பெரியவள்.

கோர்ட்டில் அரசு வக்கீல், “கையில இருக்கற நல்ல வீட்டை விட்டுட்டு, பழகாத சொந்தத்தை நம்பச் சொல்றீங்களா மேடம்? இது உங்க முதல் கேஸ்தானே?” என்றார். ஆமாம் சார், முதல் கேஸ்தான், உங்களுக்கு எத்தனையோ கேஸ், எனக்கு இந்த இரண்டு பிள்ளைகள் மட்டும்தான் என்றேன். குரல் நடுங்கவே இல்லை கிரெட்டா, நீ பார்த்திருக்க வேண்டும். நீதிபதி பெரியவளிடம் தனியாகப் பேசினார், பிறகு இருவரையும் சேர்த்தே பில்லிங்ஸுக்கு அனுப்பச் சொன்னார், கொஞ்ச காலம் பார்த்து நிரந்தரமாக்கலாம் என்றார். ரென்னை ஆசையாய்க் கேட்ட அந்தப் பெண் வெளியே வந்து அழுதாள், அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை.

நேற்று பில்லிங்ஸ்காரி கூப்பிட்டாள். காலையில் தங்கைக்கு ஊட்ட நேரமாயிற்றே என்று ராபின் பதறி எழுந்து மாடிப்படியில் ஓடி வந்தாளாம். ரென்னின் தட்டில் பாகு மட்டும்தான் மிச்சம், ரொட்டி காலி. “யாரு ஊட்டினது?” என்று கேட்டிருக்கிறாள். “நானே தின்னுட்டேன், நீ தூங்கு” என்றாளாம் சின்னவள். ராபின் படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, மேலே போய் மத்தியானம் வரை தூங்கினாளாம்.

அப்பாவின் பிறந்தநாள் வருகிறது, கூப்பிட மறக்காதே. ஆண்டவர் உன்னோடு இருந்து காக்கட்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஆர்லீன்