இரண்டு மில்லிமீட்டர்

மார்ச் 3

அன்பு வாலு,

போனில் உன் குரல் கேட்டால் நான் அழுகிறேன், நீ திட்டுகிறாய். அதனால் எழுதுகிறேன். உன் ஸ்கேன், ஆஸ்பத்திரியில் நாங்கள் கணினியில் படம் போடும் அறைக்கு வந்திருக்கிறது. சொந்தக்காரர்களின் ஸ்கேனை நாங்கள் தொடக் கூடாது என்பது விதி. கணவர் பெயரோடு சேர்ந்து வந்ததால் நீ யாரென்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மொத்தம் அறுநூறு படங்கள். ஒவ்வொன்றிலும் ஈரலைச் சுற்றிக் கணினி போட்ட கோட்டைத் திருத்தி, கட்டிக்கு மஞ்சளும் ரத்தக்குழாய்க்கு நீலமும் கொடுத்தேன். அடுக்கியதும் முழு ஈரலும் திரையில் சுழன்றது. இதைப் பார்த்துத்தான் எங்கே வெட்டுவது என்று டாக்டர் தீர்மானிப்பார். கட்டிக்கும் பெரிய குழாய்க்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடம் இருக்கிறதடி! “ஸ்கேன்ல மங்கலா இருந்துச்சு, நீங்க பிரிச்சுக் காட்டிட்டீங்க. பண்ணிடலாம்மா” என்றார். பதினேழாம் தேதி ஆபரேஷன்.

உன் அக்கா

மார்ச் 7

அக்கா,

என் ஈரல் அழகாக இருக்கிறதா? முகம்தான் உன்னைப் போல் வாய்க்கவில்லை, உள்ளேயாவது லட்சணமாக இருக்கட்டும்.

மூன்று டாக்டர்கள் கையை விரித்தார்கள். இப்போது தேதியே குறித்தாயிற்று. இவரிடம் சொன்னேன். “அக்கா போட்ட படமா? அப்ப சரி” என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனவர், குழாயைத் திறந்துவிட்டு அழுதார். எனக்குக் கேட்காதாம்.

சின்னவளுக்கு அடுத்த வருடச் சீருடை தைக்கக் கொடுத்துவிட்டேன். பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் மூன்று நாளாகச் சாப்பிடுகிறேன்.

வாலு

மார்ச் 14

வாலு,

இதை எழுதக் கை வரவில்லை.

அந்த இடைவெளி நான் போட்டது. ஐந்து படங்களில் கட்டியின் ஓரம் குழாயோடு கலங்கிக் கிடந்தது. கணினி கோட்டைக் குழாய் மேலேயே போட்டிருந்தது. நான்தான் அதைத் தள்ளி வைத்தேன். கணினியின் தப்பு என்று என்னையே நம்ப வைத்துக்கொண்டேன். வேறு யாருடைய ஸ்கேனாக இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன்.

உன் கடிதத்தில் சீருடை என்று படித்ததிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. யாருடையது என்று சொல்லாமல், பக்கத்து மேஜைக்காரியிடம் அந்த ஐந்தையும் கொடுத்தேன். “ஒட்டிக்கிட்டுல்ல இருக்கு! இதுல கேப் எங்க பார்த்தீங்க?” என்றாள்.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஐந்து படங்களையும் மறுபடி திறந்து பார்த்தார். பிறகு, “இதை நம்பி வெட்டியிருந்தா டேபிள்லயே போயிருப்பாங்கம்மா” என்றார். ஆபரேஷன் இல்லை. முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கப் பார்ப்பார்களாம். சுருங்குமா என்று கேட்டேன். திரையை அணைத்துவிட்டார். விசாரணை முடியும்வரை என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

மார்ச் 24

அக்கா,

பத்து நாளாகத் திட்டி எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நீ கோட்டைத் தள்ளிப் போட்டதை மன்னித்துவிட்டேன். உன் ஈரலாக இருந்து பேனா என் கையில் இருந்திருந்தால் நான் இன்னும் தள்ளிப் போட்டிருப்பேன். அதை நீ டாக்டரிடம் சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை. சரியான காரியம்தான், தெரியும். ஆனாலும் அந்தப் பதினேழாம் தேதி எனக்கு வேண்டியிருந்தது அக்கா.

வியாழக்கிழமை முதன்முதலாக மருந்து ஏற்றுகிறார்கள். ஆறு மணி நேரம் ஆகுமாம். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. எட்டரைக்கு வந்துவிடு. நாற்காலியை எதிரே போடாதே, பக்கத்தில் போட்டுக்கொள். உன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

வாலு