எனக்கு மட்டும் வராத மெமோ

ஜூலை 8

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் இன்று சின்ன டீச்சருக்கு அடி பட்டுவிட்டது. ஆங்கிலம் எடுக்கும் தற்காலிக ஆசிரியை. எங்களில் வயதில் இளையவள் என்பதால் எல்லோருக்கும் அவள் சின்ன டீச்சர். போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ் பறந்து வந்திருக்கிறது. காதுக்குப் பின்னால் கிழிந்து தையல் போடும்படி ஆயிற்று. வேதியியல் ஆய்வகத்திலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டு நான்தான் ஓடினேன். அவள் அழவில்லை. "அக்கா, சேலையில ரத்தம் தெரியுதா?" என்று மட்டும் கேட்டாள்.

தலைமையாசிரியை அவளைத் தன் நாற்காலியிலேயே உட்காரவைத்து, தலையைத் தடவி, "படியில வழுக்கி விழுந்ததா இருக்கட்டும்மா. ஸ்கூல் பேரு கெட்டா நமக்குத்தானே அசிங்கம்" என்றார். அந்தத் தடவலை நான் நம்பவில்லை.

அறுபத்தெட்டுப் பிள்ளைகள் ஒரே அறையில். அத்தனை பேரும் ஒன்றையும் பார்க்கவில்லையாம்.

ஜூலை 9

நெட்டையன்தான். என் மூக்கு சொல்கிறது. மற்றவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டபோது கடைசி பெஞ்சிலிருந்து அவன் மட்டும் என்னை நேராகப் பார்த்தான். மடியில் கனமில்லாதவன் இப்படி முறைத்துப் பார்க்க மாட்டான்.

"உன் பாக்ஸ் எங்கடா?"

"தொலைஞ்சு போச்சு டீச்சர்."

"எப்போ?"

"தொலைஞ்சப்போ."

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஜூலை 10

ஒப்புக்கொண்டான். "டீச்சரைக் குறி வெக்கல. முன்னாடி இருக்கறவனைத்தான் அடிச்சேன். அவன் குனிஞ்சுட்டான்." கண் கலங்கித்தான் சொன்னான். வேதியியல் எடுக்கும் எனக்குப் பிள்ளைகள் 'அமிலம்' என்று பெயர் வைத்திருப்பது சும்மா இல்லை. எதில் ஊற்றினாலும் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்.

தலைமையாசிரியையிடம் கூட்டிப்போனேன். ஒரு வாரம் நிறுத்திவைக்கக்கூட அவருக்கு மனமில்லை. "ஒருத்தன் நின்னா நாலு பேர் சேர்ந்து நிப்பாங்க. எண்ணிக்கை குறைஞ்சா ஒரு பிரிவையே எடுத்துடுவாங்க. அப்புறம் உங்க போஸ்ட்டுதான் போகும், பாத்துக்கங்க." அதாவது இனிப் போர்டைப் பார்த்து எழுதுகிறவள் முதுகிலும் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை 12

மாலையில் ஆய்வகத்தில் நான் கூட்டிய கூட்டம். நான், சின்ன டீச்சர், கணக்கு சார், விளையாட்டு ஆசிரியர். கடைசி ஆளுக்குப் பெயர் 'விசில்'. அது அவர் கழுத்திலிருந்து இறங்கி யாரும் பார்த்ததில்லை.

தற்காலிக ஆசிரியர்களுக்குச் சம்பளம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. அந்தப் பெண் பஸ்ஸுக்குக் கடன் வாங்கி வந்து தையல் போட்டுக்கொண்டு போகிறாள். முடிவு இதுதான். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து ஒன்பது பி-க்குள் யாரும் தனியாகப் போவதில்லை, வராந்தாவில் நிற்பது. ஒரு அறைக்கு இரண்டு பேர் வேண்டும், நிலுவைச் சம்பளம் வேண்டும். அதுவரை வெளியே மூச்சு விடக்கூடாது.

"மேடத்துக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிக் குடுப்போம். அவங்களே ஒன்பது பி எடுக்கட்டும்" என்றார் விசில். வீட்டில் இவரிடம் சொன்னேன். புரையேறும்வரை சிரித்தார்.

சம்பள விஷயத்தை அண்ணியிடம் விசாரித்திருக்கலாம். இவருடைய அக்கா, கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஆனால் உறவை வைத்துக் காரியம் சாதிப்பது எனக்கு ஆகாது.

ஜூலை 16

இன்று பிரேயர் முடிந்ததும் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "ஹெல்மெட் எந்த கலர்ல வாங்கறதா உத்தேசம்?"

நான்கு பேர். நான்கே பேர் இருந்த அறை.

ஜூலை 17

விசிலாக இருக்குமோ? சொன்னதே அவர். ஆனால் தன் கேலியைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பானா மனுஷன்? கொடுப்பான், தன் மேல் சந்தேகம் வராது என்று. அப்படி யோசிக்கிற அளவுக்கு அவருக்கு மூளை உண்டா?

சின்ன டீச்சர்? தலையில் தையலோடு? சே.

ஜூலை 19

கணக்கு சார். ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

இடமாற்றம் கேட்டிருக்கிறார். மனைவி பிரசவத்துக்குப் போன ஊரிலேயே இருக்கிறாள், குழந்தைக்குப் பல் முளைத்ததைக்கூட இவர் போனில்தான் பார்த்தார். தலைமையாசிரியை பரிந்துரை எழுதினால்தான் நகரும். அப்படியிருக்க, அந்த அறைக்குள் எதைக் கொடுத்துவிட்டு எதை வாங்கி வருகிறார்? நேற்று மதியம் போனவர் வெளியே வர வெகுநேரம் ஆனது. என்னைக் கண்டதும் நோட்டுப் புத்தகக் கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

நெட்டையன் விஷயத்தில் என் மூக்கு தப்பவில்லை.

ஜூலை 22

பொறி வைத்தாயிற்று. கணக்கு சாரிடம் மட்டும் தனியாகச் சொன்னேன்: "என்கூடப் படிச்சவர் ஒருத்தர் பத்திரிகைல இருக்கார். அடுத்த வாரம் ஆய்வகத்துக்கே வந்து பேட்டி எடுக்கறேன்னார்." பச்சைப் பொய். என்னோடு படித்தவர்களில் பத்திரிகை படிக்கிறவர்களே குறைவு.

"யோசிச்சு செய்ங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான். அந்த 'யோசிச்சு'வை ராத்திரி சோறு வடிக்கும்வரை யோசித்தேன்.

இவர் ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டார். நிருபர் கதையையே இவரிடமும் சொல்லிவைத்தேன். பொறி வைத்திருக்கிறேன் என்றால் 'மனுஷங்களை நம்பணும்' என்று பிரசங்கம் தொடங்கிவிடுவார். பிறகு வழக்கம்போல அக்காவோடு போன் பேச மாடிக்குப் போனார்.

ஜூலை 24

விழுந்தது எலி.

"நிருபரோ யாரோ, கேட்டுக்குள்ள கால் வெக்கணும்னா என்கிட்ட அனுமதி வாங்கணும்" என்றார் தலைமையாசிரியை, எல்லோர் முன்னாலும், யாரையும் பார்க்காமல். நான் கணக்கு சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

மதியமே விசிலிடமும் சின்ன டீச்சரிடமும் சொல்லிவிட்டேன். விசில் நம்பவில்லை. "அவரா? அவரு பொய் சொல்லணும்னாகூட சூத்திரம் போட்டுப் பாத்துட்டுத்தானே சொல்லுவாரு." நிருபர் கதையை விளக்கியதும் வாயை மூடிக்கொண்டார்.

ஜூலை 26

மூன்று பேரும் கணக்கு சாரோடு பேசுவதில்லை. டீயை எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். நாங்கள் எழுந்துவிட்டோம். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை நான்.

ஆகஸ்ட் 1

நின்றோம். ஒன்பது பி-க்கு வெளியே, வராந்தாவில். உள்ளே அறுபத்தெட்டுப் பேரும் ஆச்சரியத்தில் சத்தம் போடக்கூட மறந்துவிட்டார்கள். நெட்டையன் வாசலுக்கு வந்து, "டீச்சர், நாங்க என்ன பண்ணணும்?" என்றான். சின்ன டீச்சர், "பாடத்தை எடுத்துப் படிங்கப்பா" என்றாள். படித்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கணக்கு சாரும் வந்தார். வராந்தாவின் மறுகோடியில், தூணுக்குப் பக்கத்தில், மணி அடிக்கும்வரை தனியாக நின்றார். நாங்கள் கூப்பிடவில்லை. என்ன நடிப்பு. அங்கே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு இங்கே வந்து நிற்கவும் ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

ஆகஸ்ட் 6

கல்வி அலுவலகத்திலிருந்து மெமோ வந்துவிட்டது. 'பணியை மறுத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்று. விசிலுக்கு, சின்ன டீச்சருக்கு, கணக்கு சாருக்கு.

எனக்கு இல்லை.

தபால் கொண்டுவந்த பியூனிடம் இரண்டு தடவை கேட்டேன். "உங்களுக்கு ஒண்ணுமில்ல டீச்சர், நிம்மதியா இருங்க" என்றார். எல்லோருக்கும் கேட்டது.

கணக்கு சாரின் இடமாற்றமும் நின்றுவிட்டது. மெமோ இருப்பவர்களின் பெயரை எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். தாளை இரண்டாக, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போனார். காட்டிக்கொடுத்தவனுக்கு ஏன் மெமோ? கண்ணைக் கட்டவா? அப்படியென்றால் இடமாற்றம் ஏன் நின்றது? கணக்கு இடிக்கிறது.

ஆகஸ்ட் 7

சின்ன டீச்சர் என்னை 'மேடம்' என்றாள்.

ஆகஸ்ட் 8

நான் உள்ளே நுழைந்ததும் ஆசிரியர் அறையில் பேச்சு நின்றது. விசில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஊதாமல். நான் என்ன பண்ணினேன்? கூட்டம் கூட்டியவளே நான். அதைச் சொல்லப் போனால், "அதான் டீச்சர் நாங்களும் யோசிக்கிறோம்" என்றார். "கூட்டினவங்களுக்கு மட்டும் எப்படி வரல?"

அவர் இடத்தில் நான் இருந்தால் என்னைத்தான் பிடித்திருப்பேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அண்ணி வீட்டில் சாப்பாடு. பந்தியில் எனக்குத்தான் முதல் உபசாரம். "சாப்பிடு சாப்பிடு, கவலையில உடம்பு பாதியாயிடுச்சு." பிறகு பாத்திரம் கழுவும்போது, குழாய்ச் சத்தத்துக்கு மேலே, ரொம்ப சாதாரணமாக:

"உங்க மேடம் நாலு பேருக்கும்தான் எழுதி அனுப்பியிருந்தாங்க. நான்தான் உன் பேரை எடுத்தேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ, நிருபர் கிருபர்னு அலையறதெல்லாம் நம்ம வீட்டுப் பொண்ணுக்கு வேணாம்."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். "நிருபர் விஷயம் உங்களுக்கு யார் அண்ணி சொன்னாங்க?"

"யார் சொல்லுவாங்க? தம்பிதான். தினமும் பேசறோமே. உனக்கு ஏதாச்சும் ஆயிடக்கூடாதேன்னு நான் உங்க மேடத்துக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டு வெச்சேன். ஹெல்மெட்டுன்னு சொன்னியாமே, அவங்ககூட சிரிச்சாங்க."

நிருபர் கதையை நான் இரண்டு பேரிடம் சொல்லியிருந்தேன். ஒருவரைத்தான் எண்ணிக்கையில் வைத்துக்கொண்டேன். வீட்டை நான் எண்ணவே இல்லை.

அதே நாள்

வீட்டுக்கு வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டேன். இவர் மறைக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

"அக்காகிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லுவேன்? உனக்கு மெமோ வரல இல்ல? அப்புறம் என்ன?"

"அந்த மனுஷனுக்கு வந்திருக்கே. புள்ளையப் பாக்கப் போக முடியாம உக்காந்திருக்காரு."

"அவரு யாரு நமக்கு?"

யாருமில்லை. யாருமில்லாதவர் மேல்தான் பழியைப் போட்டேன். சொந்தக்காரர் மேல் போடத் தோன்றவில்லையே எனக்கு.

ஆகஸ்ட் 12

முதல் பீரியடுக்கு முன்னாலேயே கணக்கு சாரைப் பிடித்தேன். சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில். எல்லாவற்றையும் சொன்னேன்: நிருபர் பொய், பொறி, இவர், அண்ணி. அவர் சைக்கிள் பூட்டைப் பூட்டி, சாவியை எடுத்து, திரும்ப ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"நான் சொல்லலைன்னு எனக்குத் தெரியும்" என்றார். "அதனால மத்த மூணு பேர்ல யாருன்னு நானும்தான் யோசிச்சேன். உங்களை மட்டும் யோசிக்கல டீச்சர்."

மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். அது சரி என்பதா, போங்கள் என்பதா, தெரியவில்லை. இந்த முறை நானாக ஒன்றை நினைத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 16

விசாரணை. வந்த அதிகாரி என் பெயரைக் கூப்பிடவே இல்லை. நானாகக் கதவைத் தட்டிப் போனேன். தலைமையாசிரியை, "நீங்க எதுக்கு? உங்க பேரு இதுல இல்லையே" என்றார். கண்ணாலேயே போகச் சொன்னார். அந்தப் பார்வையில் என் மேல் ஒரு அக்கறைகூட இருந்தது. முதல் தடவையாக அதைப் பார்த்துப் பயந்தேன்.

"கூட்டம் கூட்டுனது நான். வராந்தாவுல நிக்கலாம்னு சொன்னதும் நான். என் பேரை எடுத்தது எங்க வீட்டுக்காரரோட அக்கா. அதையும் எழுதிக்கங்க" என்றேன்.

அதிகாரி மூடிய பேனாவை மறுபடி திறந்து எழுதினார்.

சின்ன டீச்சரும் எழுந்து, "நான் படியில விழல சார்" என்று முடியை ஒதுக்கித் தழும்பைக் காட்டினாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 17

அண்ணி போனில் அழுதார். "உனக்கு நல்லது பண்ணப் போயி எனக்கே விளக்கம் கேட்டு வந்திருக்கு. குடும்பத்தை வீதிக்கு இழுத்துட்டியே." இவர் என்னோடு பேசவில்லை. சோற்றைத் தானே போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 23

எனக்கும் மெமோ. ஒரு வருட ஊதிய உயர்வு நிறுத்தம். பியூன் கொடுக்கும்போது சங்கடப்பட்டார். விசில் அதை என் கையிலிருந்து வாங்கி முழுவதும் படித்துவிட்டு, "எங்களுக்கு வந்ததைவிட நல்ல பேப்பரா இருக்கே" என்றார். ஆசிரியர் அறையில் இரண்டு வாரத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

செப்டம்பர் 9

தற்காலிக ஆசிரியர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் மட்டும் வந்திருக்கிறது. மிச்சம் 'பரிசீலனையில்'. ஒன்பது பி-யில் இப்போது என்னோடு ஒரு பயிற்சி ஆசிரியையும் நிற்கிறாள். யார் உத்தரவு என்று எங்கும் எழுதியில்லை, அதனால் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும். நம்பவில்லை. ஆனால் இன்றைக்கு முதுகைக் காட்டி முழுச் சமன்பாட்டையும் போர்டில் எழுதி முடித்தேன்.

கணக்கு சாரின் மெமோவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இடமாற்றமும் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை கிளம்புகிறார். விடைபெற எல்லோர் மேசைக்கும் வந்தார், என் மேசைக்கும். "வர்றேன் டீச்சர்" என்றார். எனக்கு அது போதும் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் கிடைத்தது அது.

செப்டம்பர் 17

நேற்று இவரே பேச்சைத் தொடங்கினார். பழையபடி, தட்டைப் பார்த்துக்கொண்டு.

"இன்னைக்கு ஸ்கூல்ல ஒண்ணும் நடக்கலையா?"

"ஒண்ணும் இல்ல."

"முன்னெல்லாம் எவ்வளவு சொல்லுவே."

நான் குழம்பு ஊற்றினேன். அவர் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். படியேறும் சத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், நாலாவது பீரியடு ஓய்வில். மணி அடித்ததும் இந்த நோட்டை அமில பாட்டில்கள் இருக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன். வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை.